பழைய லேப்டாப் பார்த்துக் கொடுப்பவர்

பழைய லேப்டாப் ஒன்று வாங்கலாம் என்று ஒரு வீட்டில் யாராவது முணுமுணுத்தால் போதும், அடுத்த அரைமணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடுகிற ஒருவர் இருக்கிறார். விற்பவர் அல்ல. வாங்குபவரும் அல்ல. பார்த்துக் கொடுப்பவர். குடும்பத்துக்கு ஒருவராவது உண்டு, அலுவலகத்துக்கு இரண்டு பேர். இரண்டு பேர் இருக்கும் அலுவலகத்தில் யாரும் எதையும் வாங்கி முடித்ததாகத் தகவல் இல்லை.

பிழைப்புக்கு அவர் என்ன செய்கிறார் என்பது முக்கியமில்லை. பெயின்ட் விற்கலாம், பல் பிடுங்கலாம். லேப்டாப் என்ற சொல் காதில் விழுந்ததும் முதுகு நிமிரும், மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறும், "அவசரப்பட்டு வாங்கிடாதீங்க, நான் பார்த்துச் சொல்றேன்" என்ற வாக்கியம் தானாக வெளியே வந்து விழும். நீங்கள் எந்தத் தொகையைச் சொன்னாலும் "அதோட இன்னும் கொஞ்சம் போட்டா..." என்று இழுப்பார். எந்த மாடலைக் காட்டினாலும், "இதுக்கு முந்தினதுதான் மாடல்" என்பார். முந்தினதைக் காட்டினால், "இப்ப யாருங்க இதை வாங்குவாங்க?" ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை: இதை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

உதாரணத்துக்கு ஒரு பல் டாக்டரை எடுத்துக்கொள்வோம். பல்லைப் பிடுங்கும் முன் எது வலிக்கிறது என்று தவறாமல் கேட்கிறவர்தான். அவருடைய மனைவிக்கு ஒரு தங்கை. ஐந்து வருடமாகப் பார்வை கிடையாது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை ஒன்றுக்குத் திங்கட்கிழமை தேர்வு. சொந்த லேப்டாப்போடு வரவேண்டும், அரைமணி நேரம், ஐந்து பிழைக்கு மேல் போனால் வாசலைக் காட்டிவிடுவார்கள். திரையில் இருப்பதை அவருக்கு ஒரு மென்பொருள் வாசித்துச் சொல்லும். மற்றதெல்லாம் விரல்கள் பாடு. வீட்டில் இருந்த லேப்டாப்பிலோ ஸ்பேஸ் பார் ஒரு தட்டலுக்கு இடைவெளி விடாது, அடுத்த தட்டலுக்கு இரண்டு விடும். காதால் கேட்டு, திரும்பிப் போய்த் திருத்திவிட்டு வருவதற்குள் அரைமணி நேரம் கரைந்துவிடும்.

ஆகவே சனிக்கிழமை, பழைய லேப்டாப் கடை. மாடியில் ஒரு குறுகலான அறை, புத்தகங்களைப் போல நிறுத்தி அடுக்கிய லேப்டாப்புகள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட சார்ஜர் மூட்டை. நம்மவர் பையிலிருந்து டார்ச் லைட், பூதக்கண்ணாடி, ஸ்க்ரூ டிரைவர் மூன்றையும் எடுத்து மேசையில் பரப்பினார். கடைக்காரர் ஒரு பெருமூச்சோடு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் பார்க்காத டாக்டரா?

முதலில் திரை. முழுத் திரையையும் வெள்ளையாக்கி, கறுப்பாக்கி, சிவப்பாக்கி, எங்காவது ஒரு புள்ளி செத்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியோடு முக்கால் மணி நேரம் தேடினார். ஒன்றும் சாகவில்லை. மகிழ்ச்சி தாங்கவில்லை.

"இங்க வாம்மா, இந்தப் பக்கமா நின்னு பார். கலர் மாறவே இல்ல."

மைத்துனி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"சரி, நான் பார்த்துட்டேன்," என்றார் டாக்டர்.

"கீபோர்டைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கட்டுமா அத்தான்?"

"இரும்மா. அதுக்குத் தனி டெஸ்ட் இருக்கு."

இருந்தது. திரையில் கீபோர்டின் படம் ஒன்று வந்தது. அழைப்பு மணியை அமுக்குவதுபோல் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு கீயையும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அமுக்கிக்கொண்டே போனார். படம் முழுக்கப் பச்சையாயிற்று.

"நூத்துக்கு நூறு."

"ஒவ்வொண்ணா அழுத்தினா என் பழசும் நூத்துக்கு நூறுதான். வேகமாத் தட்டும்போதுதான் கால வாரும்."

"அது பழசும்மா. இது எவ்வளவு மெல்லிசு தெரியுமா? எடையே இல்ல," என்று தூக்கிப் பார்த்தார். அவரே.

கடைக்காரர் கீழ்த்தட்டிலிருந்து தடியான ஒன்றை எடுத்து வைத்தார். "மேடத்துக்கு இது சரியா வரும் சார். கீ நல்லா உள்ள போய் வரும். அம்புக்குறி எல்லாம் தள்ளித் தனியா இருக்கு, கைக்குத் தட்டுப்படும்."

"எட்டு வருஷத்துச் சாமானா? செங்கல் மாதிரி இருக்கு. சுவர் கட்டவா போறா?"

இந்தக் கட்டத்தில் உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்லவேண்டும். பார்த்துக் கொடுப்பவருக்கும் ஒரு பார்த்துக் கொடுப்பவர் உண்டு. எல்லாம் முடிகிற நேரத்தில் அவரைக் கேட்காமல் இவர் மூச்சு விடமாட்டார். போனைக் காதில் வைத்தபடி நம்மவர் படிக்கட்டுக்குப் போனார்.

மைத்துனி உட்கார்ந்தார். திரையை வாசிக்கும் மென்பொருள் இருந்த தன் பென் டிரைவைச் செருகி, முதலில் மெல்லிசில் விரல் வைத்தார். எந்தக் கீ எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, தள்ளி வைத்தார். பென் டிரைவைச் செங்கலுக்கு மாற்றி, விரல் வைத்தார். பத்து விரல்களும் போய் அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டன. அவர் தட்டத் தட்ட, லேப்டாப் தேனீக்கூட்டம் இரைவதுபோல் அதிவேகமாக வாசித்தது.

"இது புரியுதா மேடம்?"

"புரியுது. நீங்க பேசுறதுதான் கொஞ்சம் மெதுவா இருக்கு."

நான்கு நிமிடத்தில் நிறுத்தினார். "கமா கீ மூணு தடவைக்கு ஒரு தடவை விழல."

கடைக்காரர் ஒருமுறை அமுக்கினார். "விழுதே."

"வேகமா அடிங்க."

அடித்தார். விழவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "உள்ள இதே மாடல் ஒண்ணு மதர்போர்டு போய்க் கிடக்கு. அதோட கீபோர்டை மாத்தித் தரேன்," என்றார். மாற்றினார். மைத்துனி மறுபடி பத்து நிமிடம் நிற்காமல் தட்டினார். பிறகு பணத்தைக் கொடுத்தார்.

டாக்டர் திரும்பி வந்தார். "பேசிட்டேன். அடுத்த மாசம் விலை இறங்குமாம். பொறுக்கச் சொல்றார்."

"திங்கக்கிழமை டெஸ்ட் அத்தான்."

"அதையும் சொன்னேன். டெஸ்டைத் தள்ளிப்போட முடியுமான்னு கேக்கறார்."

"வாங்கிட்டேன் அத்தான். பையில இருக்கு."

"எதை?"

"செங்கலை."

டாக்டர் டார்ச் லைட்டை அணைத்தார். "நானும் கடைசியில அதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்."

திங்கட்கிழமை மூன்றே பிழை. வேலை கிடைத்துவிட்டது. செய்தி வந்தபோது டாக்டரின் நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். "நான் பார்த்துக் கொடுத்த லேப்டாப்," என்று அவரிடம் முழுக் கதையையும் சொன்னார் டாக்டர். வாயில் இரண்டு கருவிகளோடு இருப்பவர் என்ன மறுப்பார்? கதை முடிந்ததும் டாக்டர் அன்போடு குனிந்து, "ஆமா, நீங்க என்ன லேப்டாப் வெச்சிருக்கீங்க?" என்றார்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். போன வருடம் உங்கள் அப்பாவுக்குப் புதிதாக ஒரு போன் வாங்கிக் கொடுத்தீர்களே, நல்ல போன்தான். அதில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், மணி எவ்வளவு சத்தமாக அடிக்கவேண்டும் என்பதையெல்லாம் கடையில் நின்று முடிவு செய்தது யார்? அவரைத்தான் நீங்கள் அழைத்துப் போகவில்லையே. எத்தனை தடவை கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை என்று இப்போது அவர்மேல் குறை வேறு.