மஞ்சள் தோற்ற செவ்வாய்க்கிழமை

படிப்பை முடித்த முதல் வருடத்தில் ஒருவருக்கு இருக்கிற அறிவு, அதற்குப் பிறகு ஆயுளில் எப்போதும் வாய்ப்பதில்லை. எனக்கு அந்த வருடம் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு பெண்கள் கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்திருந்தேன். பாக்டீரியாவைப் பற்றி ஒரு பாடம் விசேஷமாகப் படித்திருந்ததால், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் கிருமிகளை அறிந்த ஒரே ஆள் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (யாரும் மறுக்கவில்லை. நான் யாரையும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

அந்த மே மாதம் எங்கள் சபையின் மாதர் சங்கம் குடும்ப நல வாரம் நடத்தியது. போதகரின் மனைவியை நாங்கள் பாஸ்டரம்மா என்போம். அவர்தான் என்னைக் கூப்பிட்டு, "சுகந்தி, சுகாதாரத்தப் பத்தி ரெண்டு வார்த்தை பேசும்மா" என்றார். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற வயதா அது? சனிக்கிழமை சொற்பொழிவு, செவ்வாய்க்கிழமை நேரடி நிரூபணம் என்று நானே இரண்டு மாலைகளை எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குத்தான் கவலை. "ரூபி டீச்சர் வர்றாங்க. பெருங்களத்தூர்லேருந்து உன்னப் பாக்கன்னே வர்றாங்க. ஒழுங்காப் பேசு. ரொம்பப் பேசாத."

ரூபி டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். அவருடைய மகன் எட்வின் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுவார். அவர் பாடும்போது நான் பாட்டுப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. இரு வீட்டிலும் பேச்சு மெல்லத் தொடங்கியிருந்தது. ஆகவே அந்தச் சனிக்கிழமை நான் கிருமிகளைப் பற்றிப் பேசுவதாகவும், ரூபி டீச்சர் கிருமிகளைப் பற்றிக் கேட்பதாகவும் பெயர். நடக்கவிருந்தது பெண் பார்க்கும் படலம்.

கரும்பலகையில் ஒரு பாக்டீரியாவை வரைந்தேன். "இது சாப்பிடும், நீளும், நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கும், ரெண்டாப் பிரிஞ்சுடும். நல்ல சாப்பாடும் சூடும் கெடச்சா இருபது நிமிஷத்துல ஒண்ணு ரெண்டாகும். அந்த ரெண்டும் நாலாகும். ஒரு மணி நேரத்துல எட்டு. ரெண்டு மணி நேரத்துல அறுபத்து நாலு. மூணு மணி நேரத்துல இருநூத்து ஐம்பத்தாறு!"

"ஐநூத்திப் பன்னெண்டும்மா" என்றது முன்வரிசை. ரூபி டீச்சர்தான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைத் திருத்துகிற அதே கருணையோடு சொன்னார்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். "அப்படியே ரெட்டிச்சுகிட்டே போனா, இந்நேரம் உலகமே கிருமியால ரொம்பியிருக்கணுமே? ஏன் ரொம்பல?"

சாப்பாடு தீர்ந்துவிடும், தங்கள் கழிவிலேயே தாங்கள் நொந்து வளர்ச்சி நின்றுவிடும் என்பதுதான் பதில். எனக்குத் தெரிந்த பதில்தான். ஆனால் ஐநூற்றுப் பன்னிரண்டு இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்ததால், "கர்த்தர் பாத்துக்கறார்" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் திருப்தியோடு "ஆமென்" என்றது.

மானத்தை மீட்க வேண்டியிருந்தது. கொண்டு வந்திருந்த கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்தேன். உள்ளங்கை அகலத்தில் மூடியோடு இருக்கும். உள்ளே கடற்பாசியையும் இறைச்சிச் சாற்றையும் காய்ச்சி ஊற்றி உறைய வைத்திருந்தேன். கிருமிகளுக்கு அது கல்யாணச் சாப்பாடு. ஒவ்வொரு தட்டையும் மெழுகுப் பென்சிலால் இரண்டாகப் பிரித்து, பெண்களை ஒரு பாதியில் கழுவாத விரலை வைக்கச் சொன்னேன். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, மண்டபத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு, மறு பாதியில் வைக்கச் சொன்னேன். முதல் தட்டில் பாஸ்டரம்மா விரல் வைத்தார்.

கடைசித் தட்டு என் பிரம்மாஸ்திரம். என் தம்பியின் சட்டைக் காலரைத் துடைத்த பஞ்சை அதன்மேல் முழுக்கத் தேய்த்தேன். (அவன் அதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.) அதன்மேல் மஞ்சள்தூள், வேப்பிலை விழுது, நசுக்கிய பூண்டு மூன்றையும் ஒவ்வொரு ஓரத்தில் பொட்டு மாதிரி வைத்தேன். நான்காவது ஓரத்தில், எப்போதோ தம்பிக்குத் தொண்டைவலி வந்தபோது மிஞ்சிய பென்சிலின் மாத்திரையில் ஒரு துணுக்கு. தோற்கப்போவது அதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

"ஊசி, மாத்திரை எல்லாம் நேத்து வந்தது" என்று முழங்கினேன். "நம்ம அஞ்சறைப் பெட்டி எப்போ வந்தது? ஒரு சின்னக் காயத்துக்குக்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடறோமே, எதுக்கு? மஞ்சள் இருக்கிற வீட்டுக்குப் பென்சிலின் தேவையே இல்ல!"

கைத்தட்டல் ஓயவே இல்லை. ரூபி டீச்சரும் தட்டினார். வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மாவின் முகத்தில் மகள் கரையேறிவிட்ட நிம்மதி.

கல்லூரி விடுமுறை. அதனால் என்ன, மே மாதத் தாம்பரத்தில் கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியான இன்குபேட்டர் யாருக்கு வேண்டும்? தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி எங்கள் வீட்டு அலமாரி மேலேயே வைத்தேன். திங்கட்கிழமை அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏண்டி, மேல என்ன செத்துக் கெடக்கு?" என்றாள். ஒரு தடவை பிரித்துப் பார்த்திருக்கலாம். எல்லோர் முன்னாலும்தான் பிரிப்பேன் என்ற நாடக ஆசை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முதல் தட்டை எடுத்து, பார்ப்பதற்கு முன்பே, "பாஸ்டரம்மா கை கழுவறதுக்கு முன்னாடி பாருங்க, கழுவின பிறகு பாருங்க!" என்று உயர்த்திக் காட்டினேன்.

பார்த்தார்கள். கழுவுவதற்கு முன் வைத்த பாதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து புள்ளிகள். கழுவிய பாதியில் ரவா உப்புமா கிளறியது போலிருந்தது. மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு என்று வண்ணங்கள் வேறு.

அடுத்த தட்டும் அப்படியே. அதற்கடுத்ததும். பாஸ்டரம்மா தம் விரல்களைத் தாமே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார். எல்லோருடைய கண்களும் மெதுவாகத் திரும்பி, ஜன்னல் ஓரத்து ஆணியில் தொங்கிய துண்டில் போய் நின்றன. அது கிறிஸ்துமஸ் சமயத்தில் மாட்டிய துண்டு.

"தண்ணியில போட்டு எடுத்தாங்களா இல்லியா?" என்று யாரோ கிசுகிசுத்தார். "எந்தத் தண்ணியில?" என்றார் இன்னொருவர்.

நான் அவசரமாகக் கடைசித் தட்டைத் திறந்தேன். பூண்டைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் ஒரு தெளிவான வளையம், நிலாவுக்குக் கோட்டை கட்டின மாதிரி. அப்பாடா என்றிருந்தது. வேப்பிலை இருந்த இடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மஞ்சளைத் தேடினேன். காணோம். மஞ்சள் பொட்டின் மேலேயே வெளுத்த கம்பளம் மாதிரி ஒன்று முளைத்து, தட்டின் கால்வாசியை மூடியிருந்தது. சமையல் மஞ்சள்தூளிலேயே மண்ணில் வாழும் கிருமிகளின் விதைகள் தூங்கிக்கொண்டிருக்கும், ஈரமும் சாப்பாடும் கிடைத்தால் எழுந்துகொள்ளும் என்பதைப் பிறகுதான் படித்தேன். பென்சிலின் துணுக்கைச் சுற்றியோ, பூண்டைவிட இரண்டு மடங்கு பெரிய சுத்தமான வட்டம்.

"சுகந்தி." ரூபி டீச்சர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். குரல் கணக்கு டீச்சர் குரலாக இல்லை. "அந்த வெள்ளையா படர்ந்திருக்கே, அது மஞ்சளா?"

"ஆமா டீச்சர்."

"அப்போ எட்வின் காலுக்கு?"

விஷயம் அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை எட்வின் முள்கம்பியை மிதித்திருக்கிறார். டாக்டர் டெட்டனஸ் ஊசி போட்டுவிட்டு, சனிக்கிழமையிலிருந்து பென்சிலின் ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை என் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன ரூபி டீச்சர், "எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணே சொல்லுது" என்று ஊசியை நிறுத்திவிட்டு, மகனின் காலில் மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டுத் துணியால் கட்டியிருக்கிறார். அம்மாவை அழைத்துப் போக வந்த எட்வின் வெளியே படியில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஓடினேன். கட்டை அவிழ்த்துப் பார்த்தால், மஞ்சளுக்குக் கீழே பாதம் சிவந்து வீங்கி, சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. தொட்டால் சுட்டது. என் பின்னால் மாதர் சங்கம் முழுவதும் வந்து நின்றது. திரும்பி அவர்களைப் பார்த்தேன். பிறகு சத்தமாகவே சொன்னேன்: "டீச்சர், நான் சனிக்கிழமை சொன்னது தப்பு. எல்லாரும் கேட்டுக்குங்க, தப்பு. இவருக்கு ஊசி போடணும். இப்பவே."

சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றைப் பிடித்தோம். ரிக்‌ஷாக்காரர் குனிந்து பார்த்தார். "இன்னாமா இது, காலு பலாக்கா கணக்கா வீங்கிக்கினு கீது! மீனுக்குத் தடவுற மாரி மஞ்சா தடவி வெச்சிகிறீங்க. வறுக்கப் போறீங்களா?"

எட்வின் மட்டும் சிரித்தார். அம்மாவும் மகனும் ஏறிக்கொள்ள, நான் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி கேட்டை மறித்துக்கொண்டு, போகவும் மனமில்லாமல் நிற்கவும் மனமில்லாமல் ஊர்ந்தது. அது போனதும் மின்சார ரயில். அதற்குப் பின்னால் எதிர்த்திசையில் இன்னொன்று. ரூபி டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபது நிமிஷம் ஆச்சும்மா. இப்போ அதுங்க எத்தனை?"

என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான கணக்கை யாரும் கேட்டதில்லை. கேட் திறக்கும்வரை நான் ஜெபித்த ஜெபத்தில் எம்.எஸ்ஸி.யின் நெடியே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் காலைப் பார்த்தார், ஜுரம் பார்த்தார், முதலில் சோதனை ஊசி ஒன்று போட்டுக் காத்திருந்துவிட்டு, பென்சிலின் போட்டார். "நல்லவேளை, இன்னிக்கே வந்தீங்க. ரத்தத்துல கலந்திருந்தா காலோட போயிருக்காது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க என்னம்மா கையில வெச்சிட்டிருக்கீங்க?"

குனிந்து பார்த்தேன். கடைசித் தட்டு. மண்டபத்திலிருந்து ரயில்வே கேட் வழியாக அதையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் சொன்னேன். டாக்டர் தட்டை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பூண்டு நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. ஆனா தட்டு வேற, காலு வேற. பச்சைப் பூண்டை வெச்சுக் கட்டியிருந்தீங்கன்னா தோலே வெந்திருக்கும். முதல்ல இதைக் கொண்டுபோய்க் கொதிக்க வெச்சுக் கொட்டுங்க. என் வார்டுல கொட்டிடாதீங்க."

கட்டிலில் படுத்திருந்த எட்வின் மெல்லக் கேட்டார்: "உங்க ஆராய்ச்சிக்கு நான் ஏதாவது உபயோகமா இருந்தேனா?"

நான் அழுதுவிட்டேன். அவர் பதறி, கட்டைக் குரலில், "வலிக்கலீங்க, நெஜமா வலிக்கல" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஊசிகள் வேலை செய்தன. வீக்கம் வடிந்து, கால் தரையில் ஊன்ற வந்தது. மாதர் சங்கம் அந்தத் துண்டை எரித்துவிட்டு, இனி அவரவர் கைக்குட்டை என்று தீர்மானம் போட்டது. சம்பந்தம் பற்றி மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து தகவலே வரவில்லை. சம்பந்தம் கலைந்தது என்று அம்மா மனத்தைத் தேற்றிக்கொண்ட ஒரு மாலையில், ரூபி டீச்சர் வந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"எப்போ வெச்சுக்கலாம் நிச்சயம்?" என்றார் ரூபி டீச்சர்.

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "டீச்சர், இவளாலதானே எட்வின் தம்பி காலு..."

"மஞ்சளைப் பூசினது நான். இவளா வந்து பூசினா? அன்னிக்கு அவ்வளவு பேர் முன்னாடி 'நான் சொன்னது தப்பு'ன்னா பாருங்க. எங்க வீட்டுல எல்லாரும் வாத்தியார் வம்சம். அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு ஆள் கெடையாது. ஒருத்தியாவது வேணும்."

ஐம்பது வருடத்துக்குப் பக்கமாகிறது. இவ்வளவு காலத்தில் அந்தப் பெரிய மனத்துக்கு ஈடாக நான் எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை. பென்சிலினுக்கும், சிரித்த டாக்டருக்கும், கிண்டலடித்துக்கொண்டே மிதித்த ரிக்‌ஷாக்காரருக்கும்கூட நன்றி பாக்கி இருக்கிறது. எட்வினின் உள்ளங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கோபம் வந்தால் நான் அதைப் பார்த்துக்கொள்வேன். கோபம் போய்விடும்.

எங்கள் மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் பழமும் பூவும் புடவையும் அடுக்கிய தட்டுகளோடு வரிசையாக வந்தார்கள். எட்வினுக்கு வாய் சும்மா இருக்குமா? "எல்லா வீட்டுலயும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தட்டோட வருவாங்க. எங்க கதையில பொண்ணே தட்டோட ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தா. தட்டு நெறைய கிருமி!" சம்பந்தி வீட்டார் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று.

அப்போது ரூபி டீச்சருக்கு நடை தளர்ந்திருந்தது, குரல் தளரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "சிரிங்க, சிரிங்க. அந்தத் தட்டைப் பாத்துத்தான் நான் பொண்ணு எடுத்தேன். பழத்தட்டைப் பாத்து எடுத்திருந்தா ஏமாந்திருப்பேன்."