போனை நிறுத்திட்டேன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். வாஷிங் மெஷின் மெக்கானிக், அவர் மனைவி, போனில் எதை அழுத்தினால் எது நடக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பத்தே காலுக்குக் கிளம்பிப் போன மகள். மெஷினையும் சேர்த்தால் நான்கு. மெக்கானிக் சேர்ப்பார்.

கம்பெனியில் அவருக்கு வாஷர் என்று பெயர். குழாயில் போடுகிற வாஷர் மாதிரி சின்ன ஆள், சத்தம் வராது, அவர் இல்லாவிட்டால் எல்லா இடத்திலும் ஒழுகும்.

புதிதாக வருகிறவர்கள் இப்போது யாருக்குப் பின்னாலும் பையைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. அறுபத்து நான்கு மெக்கானிக்குகளும் ஒரே போன் குழுவில் இருந்தார்கள். தெரிந்தவர் வீடியோ போட வேண்டும், தெரியாதவர் பார்த்துக் கற்க வேண்டும். நன்றாகச் சொல்லித் தருகிற ஒருவரைப் பயிற்சியாளராக நாற்காலியில் உட்கார வைக்கப் போவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. வீடியோ போட இன்றைக்குத்தான் கடைசி நாள்.

வாஷருக்கு அந்த நாற்காலி வேண்டும். வலது முட்டி தேய்ந்துவிட்டது, இனி மாடிப்படி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்காலி கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

அவருடையது பட்டன் போன். குழுவில் சேர்ந்ததே மனைவியின் நம்பரில்தான். வீடியோவும் அவள் போனில்தான். அதனால் முதலிலேயே சட்டம் போட்டார்.

"நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"திறந்தா?"

"என் பேச்சு நின்னுடும்."

"திறக்காதப்ப மட்டும் கொட்டுதாக்கும்."

"இன்னிக்கு உன்னை மியூட் பண்ணிட்டேன்."

"முப்பத்தோரு வருஷமா அந்த பட்டனைத்தானே தேடறீங்க. கிடைச்சிடுச்சா?"

ஏழு முறை எடுத்தார்கள். முதல் முறை 'வணக்கம்' வரைக்கும் வந்தார். மூன்றாவது முறை வணக்கத்தையே மறந்தார். ஐந்தாவது முறை மெஷினைப் பார்த்துக் கும்பிட்டார். இருப்பதிலேயே நீளமானது பத்தொன்பது விநாடி, அதில் பதினொன்று தொண்டையைச் செருமியது. மனைவி சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதுவே அவரை இன்னும் பயமுறுத்தியது.

"விடு. நமக்கு வராது," என்று மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். "அறுபத்து மூணு பேர்ல ஒருத்தன்கூட என்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டதில்லை. என்னைப் போய் யாரு பயிற்சியாளர் ஆக்குவாங்க? நிறுத்திடு."

அவள் ஸ்டாண்டில் இருந்த போனிடம் போனாள். ஏதோ செய்தாள்.

"போனை நிறுத்திட்டேன்," என்றாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இப்ப பேசலாமா?"

"பேசு."

"தண்ணி வெளியே போகலைன்னா எடுத்த எடுப்பிலே மோட்டாரை மாத்தணுமா?"

"எவன் சொன்னான்? முதல்ல காதை வை. உறுமுதா? அப்ப மோட்டாருக்கு உயிர் இருக்கு, வழியில எதுவோ அடைச்சிருக்கு. சத்தமே இல்லைன்னாதான் பயப்படணும்."

"உங்களை மாதிரி."

"நடுவுல பேசாதே. பிளக்கைப் பிடுங்கு. இப்ப கீழே இருக்கிற இந்தச் சின்னக் கதவைத் திற. மூடியை ஒரேயடியாத் திருகினா வீடே குளம். கால் சுத்து, தண்ணி பிடி. அப்புறம் இன்னொரு கால் சுத்து."

அவள் கேட்டாள், அவர் சொன்னார். மூடியைக் கழற்றினார், உள்ளே கைவிட்டு ஒரு ஹேர்பின்னையும் இரண்டு சட்டைப் பட்டன்களையும் எடுத்துக் காட்டினார், அவளையே மாட்டச் சொன்னார், தப்பாக மாட்டியதும் கையைப் பிடித்துத் திருத்தினார். தொண்டையை ஒரு முறைகூடச் செருமவில்லை.

"கடைசியா ஒண்ணு," என்றாள். "முட்டி வலியோட இத்தனை நாளா எப்படி மாடி ஏறினீங்க?"

அவர் மெஷின் கதவைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"ஒவ்வொரு மாடியிலும் நிப்பேன். யாராவது பார்த்தா போன் பேசற மாதிரி காதுல வச்சுக்குவேன்."

அவள் அந்த இரண்டு பட்டன்களையும் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். பிறகு, "போய்க் குளிச்சுட்டு வாங்க," என்றாள்.

அவர் சோப்புப் போட்டு மூன்று முறை குளிக்கிறவர், முக்கால் மணி ஆகும். திரும்பி வந்தபோது அவள் போன் விடாமல் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன அது?"

"உங்க பாடம். இருபத்திரண்டு நிமிஷம். குழுவுல போட்டாச்சு."

"நிறுத்திட்டேன்னு சொன்னியே?"

"ஆமா. சாய்ஞ்சு கிடந்தது, ஸ்டாண்டுல நேரா நிறுத்திட்டேன். ரெக்கார்டிங் நின்னுச்சான்னு நீங்க கேக்கலையே."

அவர் தரையில் உட்காரப் போனார். முட்டியை நினைத்து நாற்காலிக்கு மாறினார். "அப்ப அந்த மாடிப்படி விஷயம்?"

"அறுபத்து மூணு பேரும் கேட்டாங்க."

அதற்குள் சர்வீஸ் மேனேஜர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது. "வாஷர் சார், பயிற்சியாளர் வேலை உங்களுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. கேள்வி கேட்ட அந்தம்மா இல்லாம நீங்க பாடம் நடத்தக் கூடாது."

வாஷர் போனை வைத்தார். மனைவியைப் பார்த்தார். வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம். யாருக்குக் கிடைத்தது என்ற சந்தேகம் ஒரு பக்கம்.

"உனக்கு எப்படி இத்தனை கேள்வி தோணிச்சு?"

அவள் இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். காலண்டர் தாளின் பின்பக்கம். வரிசை எண் போட்டு முப்பத்தெட்டு கேள்விகள்.

"குழுவுல இருக்கிற புதுப் பசங்க அனுப்பினது. குழுவுல கேட்டா எல்லாரும் பார்ப்பாங்க, சிரிப்பாங்கன்னு வெட்கம். அதனால தனியா உங்களுக்கு அனுப்பியிருக்காங்க. உங்க நம்பர் என் நம்பர்தானே. ரெண்டு தடவை சொல்ல வந்தேன். போன் பேச்சை எடுக்காதேன்னு விரட்டிட்டீங்க."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். தன்னிடம் சந்தேகம் கேட்கத்தான் இத்தனை பேர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"முட்டியைப் பத்திக் கேட்டவன் யாரு? அது இதுல இல்லையே."

"அது என்னோடது. வேற சமயத்துல கேட்டா சொல்லியிருக்க மாட்டீங்க."

அவர் மேலிருந்து கீழாக விரல் வைத்து எண்ணினார். பதில் சொல்லிவிட்டவற்றைப் பேனாவால் அடித்தார். பதினாறு.

"அப்ப அடுத்த பாடம் எப்போ?" என்று கேட்டார்.

"டீ குடிச்சதும்," என்றாள். "மிச்சம் இருபத்திரண்டு."