தடைக்காலத்தில் உருகிய கல்யாணம்

பல் கிட்டுகிற குளிரில் நின்றுகொண்டு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. வெளியே வந்து, வெயிலில் நின்று, ஒரு டீ குடித்துவிட்டு, அப்போதும் அந்த யோசனை யோசனையாகவே இருந்தால் மட்டும் எடுக்கலாம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

என் அம்மாவின் தம்பி சாமுவேல் மாமா தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பிளாண்ட் நடத்துகிறார். விசைப்படகுகளுக்குக் கட்டி கட்டியாக ஐஸ் போகும் இடம். என் அக்கா பியூலாவின் நிச்சயதார்த்தத்துக்கு ஜூஸில் போட ஐஸ் வாங்கிவர என்னை அனுப்பினார்கள். செப்டம்பர் வெயில். ஐஸ் அறைக்குள் நுழைந்ததும் அந்த வெள்ளைப் புகையை ஒரு படம் எடுக்கலாமென்று போனைத் தூக்கினேன். எடுக்கவில்லை. “உங்கள் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது” என்றது போன். கூடுதல் இடத்துக்கு மாதச் சந்தா கட்டச் சொன்னது.

அந்த இடத்திலேயே எனக்குக் கொதித்தது (ஐஸ் பிளாண்டுக்குள் கொதித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்). என்ன அநியாயம் இது? முதலில் “சும்மா வைத்துக்கொள்” என்று இடம் தருகிறார்கள். நாமும் நம்பி, பிறந்தநாள், பரீட்சை ஹால்டிக்கெட், நாய்க்குட்டி, சாம்பார் என்று எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். பிறகு “போனில் இடமில்லையே, இங்கே உள்ளதை அழித்துவிடலாமா? எங்களிடம்தான் பத்திரமாக இருக்கிறதே” என்கிறார்கள். அழிக்கிறோம். அதற்கப்புறம் காசு கேட்கிறார்கள். மக்ரூன் ஒன்றை ருசி பார்க்கக் கொடுத்து, தின்று முடித்ததும் நம் வாயைப் பூட்டி, சாவிக்கு மாத வாடகை கேட்கிற பலகாரக் கடை எங்காவது உண்டா?

நியாயமான ஆளாக இருந்தால், “இது திருட்டுத்தனம்” என்று திட்டிவிட்டு ஐஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நானோ கம்ப்யூட்டர் படித்தவள். “அடடா, என்ன அருமையான வியாபாரம்!” என்று தோன்றியது. இணையத்தில் சேமிப்பிடம் தரும் கம்பெனிகளுக்கு மின்சாரச் செலவு பெரிய தலைவலி, ராப்பகலாக ஓடுகிற மெஷின்கள் சூடாகாமல் குளிரவைக்கவே அதில் ஒரு பங்கு போகிறது என்று எங்கோ படித்திருந்தேன். சுற்றிலும் பார்த்தேன். குளிர்! மாமா எப்படியும் கரண்ட் பில் கட்டுகிறார். எப்படியும் சுவர் ஜில்லென்று இருக்கிறது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் கிழிந்த வலையும் உடைந்த நாற்காலியும் போட்டுவைத்த சின்ன அறை ஒன்று காலியாகக் கிடக்கிறது.

இப்படித்தான் ‘பனிப்பெட்டி’ பிறந்தது. தூத்துக்குடியின் சொந்த கிளவுட்.

மாமாவிடம் கேட்டேன்.

“கம்ப்யூட்டருக்கு எதுக்குளா ஐஸு? அது என்ன சீலா மீனா?” என்றார்.

“குளிர் இருந்தா போதும் மாமா. ஐஸ் வேண்டாம்.”

“அப்போ வச்சிக்க. வலைய மட்டும் வெளிய போட்டுராத.”

என் தொழில்நுட்ப ஒப்பந்தம் அவ்வளவுதான். இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள், நிறைய ஹார்ட் டிஸ்குகள், ஒரு இரும்பு அலமாரி. விளம்பரத்தில் “உங்கள் கோப்புகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் பாதுகாக்கப்படும்” என்று எழுதினேன். பொய் இல்லை. ஒரு பிரதி மேல் தட்டில், இன்னொன்று கீழ்த் தட்டில்.

முதல் வாடிக்கையாளர் அந்தோணி அண்ணன். புன்னைக்காயல்காரர், எங்கள் முத்தையாபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், திருமுழுக்கு, மாதா கெபித் திருவிழா எல்லாம் அவர் கேமராவில்தான். அவருடைய பீரோவில் துணியை விட ஹார்ட் டிஸ்க் அதிகம். பெரிய கம்பெனிகளிடமிருந்து களவாடிய தந்திரத்தை அவரிடம் அப்படியே இறக்கினேன். முதலில் இலவசம். நிரம்பிய பிறகு சந்தா. நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான்: “உங்கள் பக்கம் இடத்தைக் காலி செய்க.” வாடிக்கையாளர் கையில் பிரதி இருந்தால் என்றைக்காவது கோபித்துக்கொண்டு போய்விடுவார். இல்லாவிட்டால் எங்கே போவார்? இதற்குப் படிப்பில் மரியாதையான ஒரு பெயர் உண்டு. எங்கள் ஊரில் இதைக் கழுத்தைப் பிடிப்பது என்பார்கள்.

ஜனவரியில் பியூலா அக்காவுக்குக் கல்யாணம். படம் பிடித்தது அந்தோணி அண்ணன்தான். அத்தானுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு கப்பல் ஏறிவிட்டார். அதன்பிறகு அக்கா தினமும் சாயங்காலம் விளக்கு போட்டதும் ‘பனிப்பெட்டி’யைத் திறந்து, கல்யாண வீடியோவில் ஒரே ஒரு இடத்தை ஓட்டி ஓட்டிப் பார்ப்பாள். தாலி கட்டுகிற இடம். ஐயர் ஜெபம் செய்து தாலியை எடுத்துக் கொடுக்கிறார் (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம்). நடுக்கடலில் புயல் பார்த்த அத்தானுக்குக் கை வெடவெடவென்று ஆடுகிறது. முடிச்சு விழமாட்டேன் என்கிறது. கோயில் முழுக்கச் சிரிக்கிறது. அக்கா குனிந்தபடியே, “மெதுவா கட்டுங்க, நான் எங்கயும் போகல” என்கிறாள்.

அந்தோணி அண்ணன் சிவப்புப் பொத்தானை அமுக்குவதற்கு முன்பு என்னிடம் கேட்டார். அந்த மனுஷன் கேட்டார், அதுதான் எரிகிறது.

“ஜெசிம்மா, பியூலா கல்யாணத்த மட்டும் ஒரு டிஸ்க்குல வச்சிக்கிடட்டா?”

“எதுக்கு அண்ணே? நம்மகிட்டதான் ரெண்டு காப்பி இருக்கே!”

அமுக்கிவிட்டார்.

ஏப்ரல் நடுவில் கோயம்புத்தூரில் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு ஒரு போட்டி. மேடை, ஒளிவெள்ளம், கோட்டு போட்ட மூன்று நடுவர்கள். நானும் கடன் வாங்கிய கோட்டு ஒன்றில் இருந்தேன் (தோள்பட்டை எனக்கு முன்னால் நடந்து போனது). “இயற்கைக் குளிரூட்டல்” என்று ஆரம்பித்து வெளுத்து வாங்கினேன். குழுவினர் படத்தில் மாமாவை “உள்கட்டமைப்புத் தலைவர்” என்று போட்டிருந்தேன். இடுப்பில் கட்டிய சாரத்தை, அதாவது கைலியை, வெட்டிவிட்டு மேல்பாதி மட்டும். கடைசியில், “இப்போது நேரடியாகவே பார்க்கலாம்” என்று அக்காவின் கல்யாண வீடியோவைத் திறந்தேன்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“நெட் பிரச்சினைங்களா?” என்றார் நடுவிலிருந்த அம்மாள்.

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் மூடுகிற வசதி செய்து தரப்படவில்லை. “எங்கள் உள்கட்டமைப்புத் தலைவரிடமே கேட்டுவிடலாம்” என்று போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மைக்குக்கு நேராகப் பிடித்தேன்.

“மாமா, நம்ம மெஷின் ரூம்ல குளிர் சரியா இருக்கா?”

“குளிரா?” அரங்கமே அதிரும்படி மாமாவின் குரல். “ஏளா, கம்ப்ரசர நேத்தே நிறுத்தியாச்சுல்லா!”

“எதுக்கு மாமா நிறுத்துனிய?”

“எதுக்கா? தடைக்காலம்லா! போட் ஒண்ணும் கடலுக்குப் போகல. ஐஸ யாரு தலையில கொண்டு வைக்கச் சொல்லுத?”

“தடைக்காலமா?”

“மீனு குஞ்சு பொரிக்க வேண்டாமாளா?”

முதல் வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். மீன் இனப்பெருக்கத்துக்காக வருஷாவருஷம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தூத்துக்குடியில் காக்காய்க்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும், வேறு விதமாக. எங்கள் வீட்டில் அம்மா மீன் விலையைத் திட்டிக்கொண்டே கோழி வாங்குகிற மாதங்கள் அவை. என் தலைக்குள் அது தடைக்காலமாகப் பதியவே இல்லை, கோழிக்காலமாகத்தான் பதிந்திருந்தது.

“என் ரூம் மாமா? என் ரூம் எப்படி இருக்கு?”

“ஒன் ரூமா? அது ஒண்ணும் கவலப்படாத. வேலைக்காரப் பயக்க எல்லாத்தையும் ஓஸ் பைப் போட்டுக் கழுவி விட்டுட்டானுவ. பளபளன்னு இருக்கு!”

அரங்கம் சிரித்து உருண்டது. கோட்டு போட்ட ஒரு நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏங்க, மீனெல்லாம் குஞ்சு பொரிச்சு முடிக்கிற வரைக்கும் உங்க கஸ்டமர் என்ன பண்ணுவாங்க?”

எனக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்பது என் வியாதி.

“காத்திருப்பாங்க சார். வேற வழி இல்ல. அவங்ககிட்ட காப்பி கிடையாது.”

சிரிப்பு நின்றது. நான் சொன்னது என் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. அக்காவிடமும் காப்பி கிடையாது.

ஊருக்கு வந்து பார்த்தேன். ஐஸ் அறையிலிருந்து வரும் குழாய்கள் என் அறைக் கூரை வழியாகப் போவதை நான் அழகு என்று நினைத்திருந்தேன். அவற்றில் மாதக்கணக்கில் உறைந்திருந்த பனி உருகி, மேல் தட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருந்தது; மிச்சத்தைப் பயல்களின் ஓஸ் முடித்திருந்தது. ஐஸ் அச்சுகளைச் சுற்றி நிற்கிற உப்புத்தண்ணீரைத் தொட்டியிலிருந்து திறந்துவிட்டபோது, அது என் அறை வழியாகத்தான் சாக்கடைக்குப் போயிருந்தது. மேல் தட்டுக்கு நல்ல தண்ணீர், கீழ்த் தட்டுக்கு உப்புத் தண்ணீர். இரண்டு பிரதிக்கும் இரண்டு விதமான சாவு. அந்த மட்டில் விளம்பரம் பொய்யாகவில்லை.

தரவை மீட்டுத் தருகிற ஒருவரிடம் சென்னைக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார். “மேடம், கருவாடு அனுப்பியிருக்கீங்க” என்றார்.

மாமாவிடம் கத்தினேன். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா மாமா!”

“நீ துறைமுகத்து ஊர்ல பொறந்த பிள்ள. ஏப்ரல் வந்தா தடை வரும்னு ஒனக்குத் தனியா பத்திரிகை அடிச்சு வெத்தல பாக்கு வச்சுச் சொல்லணுமோ?” என்று அவர் என்னைவிடப் பெரிதாகக் கத்தினார். அந்தோணி அண்ணன் கத்தவில்லை. அந்த சீசனில் அவர் படம் பிடித்த வீடுகளுக்கெல்லாம் என்னையே கூட்டிக்கொண்டு போய், வாசலில் நிறுத்தி, “சொல்லு தங்கச்சி” என்றார். நான் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். (ஒரு வீட்டில் மட்டும் மாப்பிள்ளை சந்தோஷப்பட்டார். காரணம் கேட்கவில்லை.)

அக்காவுக்குச் சொன்னதுதான் கஷ்டம். அவள் திட்டவே இல்லை. “அத்தான்கிட்ட நீயே சொல்லு” என்று போனை நீட்டினாள். எந்தக் கடலிலோ இருந்த அத்தான் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். “விடுளா. நான் வந்து இன்னொரு தடவ கட்டுதேன். இந்தத் தடவ கை நடுங்காது, பாரு.”

அப்போதுதான் அக்கா அழுதாள். “நடுங்குனதுதான எனக்கு வேணும்” என்றாள்.

எனக்கு என்மேல் வந்த கோபத்தை எழுத இடம் போதாது. இரவல் இடமும் வாங்கப்போவதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஒரு சோகக் கட்டுரை எழுதியிருப்பேன். மாமா விடவில்லை. கல்யாண விருந்தில் ஐஸ்கிரீம் உருகிவிட்டதாம்; ஸ்டால்காரர் மாமாவின் ஐஸைக் குறை சொன்னாராம். குற்றம் தன் ஐஸில் இல்லை என்று நிரூபிக்க மாமா ஐஸ்கிரீம் ஸ்டாலையே நெடுநேரம் தன் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார். பொண்ணு இல்லை, மாப்பிள்ளை இல்லை, ஐயர் இல்லை. ஸ்டால். அதில் ஒரு நிமிஷம் மட்டும், ஓரத்தில், அக்காவும் அத்தானும் வருகிறார்கள். அத்தான் ஒரு கப்பை வாங்கி, கரண்டியால் எடுத்து அக்காவுக்கு ஊட்டப்போகிறார். கை அப்போதும் ஆடுகிறது. ஐஸ்கிரீம் அக்காவின் பட்டுச்சேலையில் விழுகிறது. “மெதுவா, நான் எங்கயும் போகல” என்கிறாள்.

அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு நிம்மதி வரவேண்டிய இடம் இது. வரவில்லை, ஏனென்றால் அந்த வீடியோவை மாமா யாருக்கும் அனுப்ப மறுக்கிறார்.

“அனுப்புனா அங்கன இங்கன போயி அழிஞ்சிரும். பாக்கணும்னா வீட்டுக்கு வாங்க” என்கிறார். முதல் தடவை இலவசம். இரண்டாம் தடவை அக்கா போனபோது, “வரும்போது நாலு நண்டு வாங்கிட்டு வந்தா என்ன?” என்றார். இப்போது அது மாதம் ஒருமுறை நண்டு என்று நிலைத்துவிட்டது. நான் மாதக்கணக்கில் படித்து, விளம்பரம் எழுதி, சிவப்புப் பொத்தான் செய்து, கோட்டு கடன் வாங்கிச் சாதிக்க முடியாத வியாபாரத்தை, சாரம் கட்டிய அந்த மனுஷன் ஒரு பழைய போனில் நடத்துகிறார்.

வீட்டில் இப்போது எது காணாமல் போனாலும் ஒரே பதில்தான். “சீப்பு எங்கம்மா?” “தடைக்காலம் முடியட்டும், வரும்.” சாவி, கரண்டி, கேஸ் புத்தகம், எதுவானாலும் தடைக்காலம் முடியட்டும். போன மாதம் என் கல்யாணப் பேச்சை எடுத்த அத்தையிடமும் அம்மா அதையே சொன்னாள்.

சொல்லட்டும். நான் நிறுத்துகிற ஆள் இல்லை. இந்த முறை சிவப்புப் பொத்தான் கிடையாது. எல்லாருடைய பிரதியும் அவரவரிடமே இருக்கும், எங்களிடம் இருப்பது கூடுதல் பிரதி மட்டும். பிடிக்காதவர் எந்நேரமும் எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டு பிரதிக்கு உண்மையிலேயே இரண்டு ஊர். ஒன்று எங்கள் வீட்டு மாடியில். மற்றது உடன்குடியில், தெரிந்தவர் ஒருவர் கருப்பட்டி மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில். கருப்பட்டிக்கு ஈரம் ஆகாது, அதனால் கிட்டங்கி எலும்பாகக் காய்ந்து கிடக்கும்.

“எறும்பு?” என்றாள் அம்மா. அதற்கு வழி வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை அந்தக் கிட்டங்கி அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். இந்த முறை அறையைப் பார்ப்பதற்கு முன்பே, கூரையைப் பார்ப்பதற்கு முன்பே, வணக்கத்துக்கு அடுத்த வார்த்தையாக அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

“அண்ணாச்சி, நீங்க இதை எப்போ இழுத்து மூடுவிய?”

அண்ணாச்சியின் முகம் கருத்தது. “காலங்காத்தால வியாபாரம் நடக்குத எடத்துல வந்து நின்னுக்கிட்டு எப்போ மூடுவன்னு கேக்குதியே, நீ நல்லா இருப்பியா?” என்று வெளியே அனுப்பிவிட்டார்.

வருகிற சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். சமாதானத்துக்கு நண்டு வாங்கிக்கொண்டு.