ஒற்றை ஆணிச் சுவர்

கடிகாரத்தை ஆணியில் மாட்டிவிட்டு உமாதேவி ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் போன் அடித்தது. எடுத்துப் பேசிய ஜெயபாண்டியின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவள் ஸ்டூலிலேயே நின்றுகொண்டாள்.

"யாரு?"

"சொர்ணத்தாய் அக்கா. எட்டயபுரத்துல பஸ் ஏறிட்டாளாம். இங்கனதான் வாரா."

"முதலாளி வார அன்னைக்கா?"

"அவிய வாராவன்னு நாந்தான் காலையில பெருமையாச் சொல்லித் தொலைச்சேன். அவிய வாரதுக்கு முன்னால வந்துருதேன்னு ஓடி வாரா."

உமாதேவி சுவரைப் பார்த்தாள். வெள்ளைவெளேரென்ற சுவர். அதில் ஒரே ஒரு ஆணி. அந்த ஆணியில் இப்போது முதலாளி உக்கிரபாண்டி கொடுத்த குயில் கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா கொடுத்த குதிரைப் படம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அந்த ஒற்றை ஆணியின் கதையைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான நாள் முதல் உமாதேவிக்கு வாடகை வீடுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் முன்பு குடியிருந்தவர்கள் அடித்த ஆணிகள் சுவர் முழுக்கக் காத்திருக்கும். ஆணியைக் கண்டால் ஜெயபாண்டிக்குக் கை சும்மா இருக்காது. மளிகைக்கடை காலண்டர், நகைக்கடை காலண்டர், உரக்கடை காலண்டர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுவான். சாமி படம் போட்ட காலண்டரைக் குப்பையில் போட முடியுமா? முருகனும் லட்சுமியும் போன வருடத் தேதிகளோடு வீட்டுக்கு வீடு கூடவே வந்தார்கள்.

கடைசியில் கடன் வாங்கிக் கோவில்பட்டிக்கு வெளியே சொந்த வீடு கட்டினார்கள். பூச்சு வேலை நடந்தபோது உமாதேவியின் போனில் ஒரு பரீட்சை வந்தது. 'உங்கள் வீட்டு அலங்கார ஸ்டைல் எது? பத்தே கேள்விகளில் கண்டுபிடியுங்கள்.' உங்கள் கனவு வரவேற்பறைச் சுவரில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, 'ஒன்றும் வேண்டாம்' என்பதை அவள் அமுக்கிய வேகத்தில் போன் கையிலிருந்து நழுவியது.

"ஏங்க, நான் மினிமலிஸ்ட்டாம்."

"டாக்டர்கிட்டக் காட்டுவமா?" என்றான் ஜெயபாண்டி.

அவனும் பரீட்சை எழுதினான். அவனுக்குக் கடற்கரை ஸ்டைல் என்று முடிவு வந்தது. குழாயில் தண்ணீர் வந்தாலே தெருவெல்லாம் சந்தோஷப்படும் ஊரில் அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? மனைவியின் ஸ்டைலுக்கே விட்டுக்கொடுத்துவிட்டான்.

உமாதேவி கேட்டதெல்லாம் ஒரு வெறுஞ்சுவர். காலையில் எழுந்து காபியோடு உட்கார்ந்தால் கண் எதிலும் முட்டாமல் போய்வர வேண்டும். அவள் வாழ்க்கையில் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அது. அதுவும் ஒரு பொருளே இல்லாத பொருள்.

ஆனால் பால்காய்ப்பு என்று ஒன்று உண்டே. வந்தவர்கள் அத்தனை பேரும் சுவரில் மாட்டுவதற்கென்றே பார்த்து வாங்கி வந்திருந்தார்கள். கடிகாரங்கள், கண்ணாடி பிரேம் போட்ட பிள்ளையார்கள், ஆளுயர மயில். கொடுத்தவர் அடுத்த தடவை வீட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பது நம் முகத்தை அல்ல, சுவரை. அக்கா முதல்முறை வந்தபோது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாவிட்டால்தான் ஜெயபாண்டிக்குப் பயம்.

அதற்குப் பிறகுதான் ஆணி வந்தது. ஒன்றே ஒன்று என்று உமாதேவி கறாராகச் சொல்லிவிட்டாள். யார் வருகிறார்களோ அவர்கள் கொடுத்தது ஆணியில் ஏறும். அவர்கள் தெருமுனை திரும்பியதும் கட்டிலுக்கடியில் போகும். நம் ஜனங்கள் பஸ் ஏறும்போதே போன் செய்துவிடுவதால் ஏற்பாடு பிசகில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

இன்றுதான் ஒரே ஆணிக்கு இரண்டு பேர்.

"அக்காவுக்குக் குதிரைய மாட்டுவோம். முதலாளிகிட்டக் கடிகாரம் ரிப்பேர்னு சொல்லிருவோம்" என்றாள் உமாதேவி.

"அவிய குடுத்தது ரிப்பேர்னா அவிய மூஞ்சி சுருங்கிராது? தீப்பெட்டி ஆபீஸ்ல நாளைக்கு நான் அவிய முன்னாலதான நிக்கணும்? அந்த வேலையே அக்கா வீட்டுக்காரர் சொல்லித்தான் கெடச்சுது. அத்தான் கடைக்கு முதலாளி தீப்பெட்டிதான் போகுது. ரெண்டு பக்கமும் பகைக்க முடியாது. இன்னொரு ஆணி அடிக்குதேன்."

"அடிக்காதீங்க. கொத்தனார் என்ன சொன்னாரு?"

கொத்தனார் தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீடு நிற்பது கரிசல் மண்ணில். வெயிலுக்குத் தரை வெடிக்கும், மழைக்கு உப்பும், பூச்சு லேசாக அசைந்துகொடுக்கும். சும்மா சும்மா ஆணி அடிக்கக் கூடாது.

ஜெயபாண்டி அடித்தான். ஆணி இறங்கவில்லை, பூச்சு இறங்கியது. இட்லித் தட்டு அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து சோபாவில் விழுந்தது. உள்ளேயிருந்து செங்கல் எட்டிப் பார்த்தது.

உமாதேவி அந்தத் துண்டைக் கையில் எடுத்தாள். "என் சுவரு" என்றாள்.

"பதறாத. ஒட்டிருவோம்."

வெள்ளையாக எதையாவது வைத்து அடைக்க வேண்டும். ஜெயபாண்டிக்குப் பற்பசை ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து டியூப் முழுவதையும் பிதுக்கித் தேய்த்துவிட்டான். வீட்டில் இருந்தது மூலிகைப் பற்பசை. பச்சை நிறம். வெள்ளைச் சுவரில் இப்போது கிராம்பு வாசனையோடு ஒரு குளம் உண்டாகியிருந்தது.

"கடல் கடல்னு கேட்டீங்கள்லா, நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள் உமாதேவி.

குளத்தை மறைக்கக் கடிகாரத்தைப் பழைய ஆணியிலிருந்து கழற்றி, குளத்துக்கு மேலே புதிதாக ஒரு ஆணி அடித்துத் தொங்கவிட்டான். இந்த ஆணி இறங்கியது. காலியான பழைய ஆணியில் குதிரைப் படம் ஏறியது. வெல்வெட் துணியில் ஏழு குதிரைகள் வாய் பிளந்துகொண்டு ஓடும் படம். சட்டத்தைச் சுற்றிலும் சீரியல் பல்பு வேறு. பல்பு எரியாவிட்டால் அக்கா மனசு கஷ்டப்படும் என்று ஹாலின் குறுக்கே ஒயரை இழுத்து எதிர்ச்சுவர் பிளக்கில் சொருகினான். குதிரைகள் சிவப்பும் பச்சையுமாக மின்னத் தொடங்கின.

உமாதேவி தன் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய வேகத்தில் சொர்ணத்தாய் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாங்க மதினி."

"இத ஏன் இங்கன மாட்டிருக்கீய?"

ஜெயபாண்டி முந்திக்கொண்டான். "என்னைக்கும் இங்கனதானக்கா தொங்குது. நடு ஹால்ல, நாலு பேரு பாக்க. வாரவுக எல்லாம் கேக்காவ, யாரு குடுத்ததுன்னு."

"என் பேரச் சொன்னியா?"

"ஊரு பூராச் சொல்லிட்டேன்."

சொர்ணத்தாய் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள். சுண்ணாம்புத் தூள் புகையாகக் கிளம்பியது.

"கழத்துலே."

"ஏங்கக்கா? கொஞ்சம் தாழ்ந்திருச்சோ? மேல ஏத்தி மாட்டட்டா?"

"கழத்துன்னா கழத்து. கட்டிலுக்கடியில போடு."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டிலடி விஷயம் அக்காவுக்கு எப்படித் தெரிந்தது? எல்லாம் தெரிந்துகொண்டுதான் குத்திக்காட்டுகிறாள் என்று ஜெயபாண்டிக்குப் பட்டது. குத்திக்காட்டினால் என்ன செய்ய வேண்டும்? பாசத்தைக் கூட்ட வேண்டும்.

"உயிரே போனாலும் கழத்த மாட்டேன்கா. நீ குடுத்தது."

"மதினி, நானும் விடமாட்டேன்" என்றாள் உமாதேவி.

சொர்ணத்தாயே எழுந்து படத்தின் மேல் கை வைத்தாள். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. உக்கிரபாண்டியும் அவர் மனைவி வெயிலம்மாளும் உள்ளே வந்தபோது, சொர்ணத்தாய் படத்துக்கு முதுகு காட்டி, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையைச் சுற்றி சிவப்பும் பச்சையுமாகப் பல்புகள் மின்னின. பார்ப்பதற்குத் திருவிழாச் சப்பரம் மாதிரியே இருந்தது.

"சொர்ணத்தாயும் இங்கனதான் இருக்கா? உக்காரும்மா" என்றார் உக்கிரபாண்டி.

"இருக்கட்டும் அண்ணாச்சி. எனக்கு முழங்கால் வலி. நின்னாத்தான் சொகமா இருக்கு."

"முந்தானைய ஏன் விரிச்சிருக்க?"

"காத்து வரட்டும்னுதான்."

"பின்னால என்ன லைட்டு எரியுது?"

"சாமி படம் அண்ணாச்சி."

உக்கிரபாண்டி தெய்வபக்தி உள்ளவர். உடனே செருப்பில்லாத காலைச் சேர்த்துவைத்து, கண்ணை மூடி, கும்பிட்டார். முந்தானைக்கு வெளியே நீண்டிருந்த ஒரு குதிரை முகம் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வெயிலம்மாள் கும்பிடவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நம்ம கடிகாரம் ஓடுதா?"

ஓடுகிறது என்று ஜெயபாண்டி சொல்வதற்குள் கடிகாரமே பதில் சொன்னது. கதவைத் திறந்துகொண்டு குயில் வெளியே வந்து நான்கு தரம் கூவியது. நான்காவது கூவலுக்கு, கடிகாரத்துக்குள் கசிந்திருந்த பச்சைப் பற்பசை கொஞ்சம் மூக்கில் ஒட்டியிருக்க உள்ளே போனது.

"அட, பச்சை மூக்கு. புது மாடல்போல" என்று உக்கிரபாண்டி மகிழ்ந்துபோனார்.

ஜெயபாண்டிக்கும் மகிழ்ச்சி தாங்கவில்லை. உமாதேவி கொடுத்த டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தான். குறுக்கே கிடந்த ஒயரை அவன் கால் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

தடுக்கினான். ஒயர் இழுத்தது. சொர்ணத்தாய் ஒரு பக்கம் துள்ளினாள், படம் மறுபக்கம் சாய்ந்து, ஆணியையும் அதைச் சுற்றியிருந்த பூச்சையும் கையோடு கூட்டிக்கொண்டு தரையில் குப்புற விழுந்தது. பல்பு அணைந்தது. டீயெல்லாம் சோபாவுக்குப் போயிற்று. சுவரின் நடுவில் ஒரு கதவளவுக்குச் செங்கல் தெரிந்தது.

எல்லோரும் செங்கல்லைப் பார்த்தார்கள். படம் குப்புறக் கிடப்பதைப் பார்த்து சொர்ணத்தாய் மட்டும் ஏனோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

"செவுத்துக்கு என்னலே ஆச்சு?" என்று கேட்டார் உக்கிரபாண்டி.

ஜெயபாண்டிக்கு அந்தப் பரீட்சையில் பார்த்த படம் ஒன்று சட்டென்று ஞாபகம் வந்தது. "இதுதான் அண்ணாச்சி இப்ப ஸ்டைலு. செங்கல் வெளிய தெரியணும். இண்டஸ்ட்ரியல்னு பேரு."

"இண்டஸ்ட்ரின்னா நம்ம ஆளுகதான்."

"அதான் அண்ணாச்சி. உங்களுக்கு மரியாதையா."

உக்கிரபாண்டி எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். தலையை ஆட்டினார். "நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா ஓரத்துல இன்னும் கொஞ்சம் பேக்கணும்" என்று கார் சாவியால் தன் கைப்படவே பெயர்க்கத் தொடங்கினார். ஜெயபாண்டி பக்கத்தில் நின்று முறத்தால் ஏந்திக்கொண்டான். சொர்ணத்தாய் இதுதான் சமயமென்று படத்தைப் பாயில் சுருட்டாத குறையாகப் போர்த்தி உள்ளறைக்கு இழுத்துப் போனாள்.

உமாதேவியால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்து நின்று அழுதாள். வாடகை வீட்டில்கூடச் சுவர் என்று ஒன்று இருந்தது. இங்கே ஒரு வெறுஞ்சுவருக்கு ஆசைப்பட்டு, இப்போது சுவரே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஹாலில் பூச்சு உதிரும் சத்தமும், "அந்தப் பக்கமும் அண்ணாச்சி" என்று ஜெயபாண்டி சொல்வதும் கேட்டன.

பின்னாலேயே வெயிலம்மாள் வந்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், உமாதேவியின் தோளில் கை வைத்தாள்.

"அழாத தாயி. ஒனக்கு வெறுஞ்சுவரு பிடிக்குமோ?"

உமாதேவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

வெயிலம்மாள் ஹால் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கும் அதுதாம்மா பிடிக்கும். அப்படின்னா வந்ததக் கட்டிலுக்கடியில போட்டு வச்சிருக்கப்பிடாது, அடுத்த பால்காய்ப்புக்குத் தள்ளிவிட்டுரணும். இந்தக் குதிரைய நான் அப்படித்தான் சொர்ணத்தாய் வீட்டுக்குக் குடுத்தேன்."