பிளாஸ்டிக் காலில் துள்ளிய இளரத்தம்

“வலி அக்கா காலுலதானே இருக்கு? அந்த மாமா ஏன் குண்டைக் கேக்குறாரு?”

கூடைப்பந்து மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுச் சிறுமி ஒரு நாள் இப்படிக் கேட்டாள். வரிசையில் நின்ற பெற்றோர் சிரித்தார்கள். பிறகு பெரியவர்களுக்கே உரிய ஞானத்தோடு அவள் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தார்கள்.

மாமா சாதாரண ஆளா? பயிற்சியின் பளுவைக் கால் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் பளு ஞானி. ஆடும் பெண்களின் காலுக்கு மேலே, நூலில் கட்டிய பித்தளைக் குண்டைத் தொங்கவிடுவார். அது வட்டமாகச் சுற்றினால் தெம்பு, இன்னும் ஓடலாம். குறுக்கே ஆடினால் சோர்வு, ஓய்வு வேண்டும். சுவர் கோணலா என்று கொத்தனார் பார்ப்பதும் இதே குண்டால்தான். அதன் மகிமை தெரியாமல் பாவம், அவர் இன்னும் சுவர் கட்டியே பிழைக்கிறார். ஞானிக்கோ காலுக்கு இவ்வளவு என்று கட்டணம். இரண்டு காலையும் ஒன்றாகக் காட்டினால் சலுகை.

கோச் முன்பெல்லாம் ஒரு நோட்டு வைத்திருந்தாள். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு பெண்ணிடமும், பத்துக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கேட்பாள். சொன்ன எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கி எழுதுவாள். ஒரு வாரத்துக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறினால் அந்தப் பெண்ணுக்கு ஓய்வு. இறுதிப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, அணியின் சிறந்த ஆட்டக்காரிக்கு ஓய்வு கொடு என்றது நோட்டு. ஆடவிடு என்றது குண்டு. கோச் நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நமக்குப் பிடித்ததைச் சொல்கிறவர்தானே நமக்கு ஞானி.

அந்த ஆட்டக்காரிதான் சிறுமியின் அக்கா. வயது பதினைந்து. கணுக்காலுக்கு மேலே எலும்பு வலிக்கிறது என்று அவள் சொன்னபோதும் குண்டு அழகாக வட்டமடித்தது. வலியெல்லாம் இல்லை, வெறும் சோம்பல் என்றார் ஞானி. தண்டனையாக இருபது சுற்று ஓடச் சொன்னாள் கோச். அழுதிருந்தால்கூடத் தேவலை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி முடித்தாள். அன்று இரவு கோச்சுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் போட்டிக்கு இரண்டே நாள். கோப்பை கண்ணில் நின்றது.

மறுநாள் அக்கா தங்கை இருவரின் அம்மா வந்தாள். செருப்புக்கடையில் வேலை, நாள் முழுக்க ஊரார் காலுக்கு அளவு பார்க்கிறவள். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. ஐயாவின் மகிமையை எல்லோரும் கண்ணாரப் பார்க்கட்டும் என்று சொல்லி, மூன்று நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு போர்வையைக் கட்டினாள். முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஆளைப் பார்க்காமல் எப்படி என்று ஞானி நெளிந்தார்.

“நீங்க படிக்கிறது காலையா, மூஞ்சியையா?” என்றாள் அம்மா.

கூட்டம் களுக்கென்றது. வேறு வழியின்றி ஞானி குனிந்தார். முதல் கால் அலுத்துப்போன கால், ஒரு வாரம் ஓய்வு வேண்டும் என்றார். இரண்டாவது காலில் சோம்பல் மட்டுமே, நன்றாக ஓடவிட வேண்டும். மூன்றாவதற்கு வந்ததும் குண்டு பம்பரமாய்ச் சுற்றியது.

“ஆகா, இளரத்தம் துள்ளுது. நாளைக்கு முழு ஆட்டமும் இவளை ஆடவிடுங்க.”

கோச் போர்வையை விலக்கினாள். முதல் நாற்காலியில், ஒரு மாதமாகப் பெஞ்சை விட்டு எழாத மாற்று ஆட்டக்காரி. இரண்டாவதில், வீங்கிய காலோடு அக்கா. மூன்றாவது நாற்காலியில் யாருமே இல்லை. அதன் முன்னே, காலுறையும் ஷூவும் மாட்டிய ஒரு பிளாஸ்டிக் கால் கம்பீரமாக நின்றது.

“எங்க கடைக் கண்ணாடிக்குள்ள நாலு வருஷமா நிக்குது, கோச். ஒரு சுத்துகூட ஓடினதில்ல,” என்றாள் அம்மா.

பிளாஸ்டிக்குக்கும் ஒரு சக்தி உண்டு என்று ஞானி தொடங்கினார். அதை முடிக்க அவருக்கு நேரமில்லை. வாசல் வரை அவர் போன வேகத்தைப் பார்த்தால், அணியில் சேர்த்திருக்கலாம்.

வலித்தால் சொல்லக் கடவுள் பிள்ளைக்கு வாய் கொடுத்தார். கேட்க நமக்கு இரண்டு காதும், நடுவில் கொஞ்சம் மூளையும் கொடுத்தார். எல்லாவற்றையும் சும்மா போட்டுவிட்டுப் பித்தளையிடம் போய்க் கைகட்டி நின்றால், கொடுத்தவருக்கு அது மரியாதையா? யோசியுங்கள். யோசிப்பதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

இறுதிப் போட்டியில் அக்கா காலை நீட்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாலு புள்ளியில் அணி தோற்றது.

மறுநாள் விடியற்காலை, யாரும் வருவதற்கு முன்னால், கோச் மைதானத்தின் கதவை உட்பக்கமாகப் பூட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். பதினான்காவது சுற்றில் கெண்டைக்கால் இழுத்தது. நிற்கவில்லை. அக்காவுக்குக் கொடுத்த அதே இருபதையும் முடித்து, முகம் கழுவிக்கொண்டு, மூச்சு அடங்கிய பிறகுதான் பெண்களுக்குக் கதவைத் திறந்தாள்.