மாமனார் வீட்டுத் தூசி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ரேடியோ திருத்துகிற மெழுகுதிரியரைப் போல என் வயிற்றில் நெருப்பு வைத்த மனிதர் வேறு எவரும் இல்லை. இதை நான் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

நான் கொழும்பில் ரேடியோ வேலை பழகியவன். எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு அகதியாய்க் கப்பலில் வந்து இறங்கி, கொக்குவிலில் கடை போட்டேன். பெயர்ப்பலகை, கண்ணாடி அலுமாரி, விசிறி எல்லாம் இருந்தன. மெழுகுதிரியருக்கு என்ன இருந்தது? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டில். அங்கேதான் சனம் போனது.

பழைய வால்வு ரேடியோவுக்குள் விரல் தடிப்பில் மெழுகு பூசிய காகிதக் குழாய்கள் இருக்கும். கொண்டென்சர் என்போம். வயது போனால் அவை பழுதாகி, ரேடியோ வண்டு புகுந்ததுபோல் இரையும். மருந்து லேசு. பழையதை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை ஈயம் வைத்து ஒட்டினால் சரி. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் நான் முடித்துக் கொடுப்பேன்.

மெழுகுதிரியர் எறிய மாட்டார். பழைய குழாயைக் கழற்றி, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில் வைத்து அவிப்பார். மெழுகு இளகியதும் உள்ளே இருப்பதை உருவிவிட்டு, வெறும் குழாய்க்குள் புதிய சின்னக் கொண்டென்சரைச் செருகி, இரண்டு பக்கத்து வாயையும் மெழுகால் அடைப்பார். “சட்டை நல்லாய்த்தான் கிடக்கு, சீவன்தான் போயிட்டுது” என்பார். மெழுகுக்காக, நெற்றி நிறைய விபூதியோடு கடற்கரைத் தேவாலயத்துக்குப் போய் எரிந்து மிஞ்சிய திரிக்கட்டைகளைப் பொறுக்கி வருவார். பெயர் வந்தது அப்படித்தான்.

இதுகூடப் பரவாயில்லை. ரேடியோவைத் திறந்ததும் உள்ளே கிடக்கும் தூசியைத் தூரிகையால் கூட்டி ஒரு டின்னில் போட்டு வைப்பார். வேலை முடிந்ததும் அதே தூசியைத் திரும்பத் தூவுவார்! ஒரு பெண் ரேடியோவைத் துடைத்துவிட்டுக் கொண்டுபோனதற்காக அவளைப் படலை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். ஒரு ரேடியோவுக்கு மூன்று மாதம் எடுப்பார். கேட்டால் கத்துவார். இருந்தும் போனார்கள்.

தெல்லிப்பழையில் இருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் ரேடியோவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போனார். பொறுக்க முடியாமல் மறித்தேன்.

“என்ரை கடை திறந்துதானே ஐயா கிடக்கு?”

“ஓம் தம்பி, காணுறன். நீர் திருத்தினால் திருத்தினது தெரியுது. உவர் திருத்தினால் தெரியுதில்லை.”

அன்று கடையை நேரத்தோடு பூட்டினேன்.

அதைவிடப் பெரிய அடி வீட்டுக்குள்ளேயே விழுந்தது. என் மனைவி பவளம் கலியாணத்தின்போது அவளுடைய தகப்பனின் ரேடியோவையும் கொண்டுவந்திருந்தாள். மாமனார் செத்த பிறகு அது இரையத் தொடங்கியது. நான் குறட்டோடு போய் நின்றேன்.

“இஞ்சருங்கோ, நீங்கள் தொடாதையுங்கோ. உது சூடேறினால் அப்பாவின்ரை விறாந்தை மணக்கும். உங்கடை பிளாஸ்டிக்கைப் போட்டால் என்னத்தை மணக்கிறது?”

ரேடியோ தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. கட்டிக்கொண்டு போனவனும் நான்தான். கடைக்காரனின் பெண்சாதி ரேடியோ எதிரியின் கொட்டிலில் மூன்று மாதம் கிடந்தது. ஊர் சிரித்தது.

திரும்பி வந்த அன்று பவளம் அதைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். என்னோடு அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. எனக்குப் பற்றி எரிந்தது. பின் மூடியைக் கழற்றினேன். உள்ளே அதே குழாய்கள், அதே தூசி, சிலந்தி வலைகூட அப்படியே.

“ஏமாத்திப்போட்டான் உவன்! ஒரு கம்பியை ஆட்டிவிட்டுக் கதை விடுறான். ஒண்டையும் மாத்தேல்லை, இஞ்சை பார்!”

தூசியை ஊதித் துடைத்து, ஒரு குழாயைப் பிளேட்டால் நீளத்துக்கு அறுத்துப் பிளந்து காட்டினேன். உள்ளே மஞ்சளாய்ப் புத்தம்புதிய கொண்டென்சர். அதில் ஒரு சிவப்பு மைப் பொட்டு. என் கடைச் சாமானுக்கு நான் வைக்கிற பொட்டு. அந்த மனிதர் யாரையோ விட்டு என்னிடமே வாங்கிப் போட்டிருக்கிறார்!

பவளம் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் எழும்பினாள். “உதை முந்தி இருந்தமாதிரி மூடிப்போட்டுச் சாப்பிட வாருங்கோ” என்றாள்.

குழாயை மூடிப் பார்த்தேன். நசிந்த பல்லிபோல வந்தது. விடிந்ததும் ரேடியோவோடு கொட்டிலுக்குப் போனேன்.

“ஆர் உதை அறுத்தது?”

“நான்தான் அண்ணை.”

“பழைய பிளேட்டே?”

“ஓம்.”

“அறுக்கிறவன் புதுப் பிளேட்டாலை அறுக்க வேணும். சட்டையைப் பிச்சு வைச்சிருக்கிறீர்.” ரேடியோவுக்குள் எட்டிப் பார்த்தவர் பாய்ந்தார். “தூசி எங்கை?”

“துடைச்சுப்போட்டன்.”

“துடைச்சனீரோ! உந்தத் தூசிக்கு நான் எங்கை போறது? ரேடியோ இருந்த வீட்டுத் தூசியைக் கொண்டாரும், போம்!”

போனேன். கோப்பாயில் மாமனார் வீட்டில் ஏணி வைத்து ஏறி, கூரை வளைமரத்தைச் சுரண்டினேன். கீழே மாமி நிமிர்ந்து பார்த்தபடி நின்றார்.

“மருமோன், என்ன தேடுறியள்?”

“தூசி, மாமி.”

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் மாமி பயந்து பயந்துதான் சாப்பாடு போட்டார்.

மெழுகுதிரியர் அந்தக் குழாயை மூடி, தூசியையும் தூவித் தந்தார். அறுத்த இடத்தைத் தேடினேன். இன்றும் தேடுகிறேன். பவளம் ரேடியோவைப் போட்டு, மணந்து பார்த்து, எனக்குச் சோறு போட்டாள்.

தொண்ணூறில் சண்டையோடு கரண்ட் போனது. இரண்டு கடையும் படுத்தன. தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்க ஊரே எழும்பி மழைக்குள் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, என் சைக்கிளில் அந்த ரேடியோ இருந்தது. நெரிசலுக்குள் மெழுகுதிரியர். தலையில் நீத்துப்பெட்டி, கக்கத்தில் டின். என்னைக் கண்டதும் அத்தனை சனத்துக்கு மேலால் கத்தினார்.

“தம்பி, நனைய விடாதையும்! மெழுகுக்கு ஒண்டும் வராது, தூசி கரைஞ்சுபோம்!”

சட்டையைக் கழற்றி மூடினேன். திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை. பிறகு எங்கும் காணவில்லை.

இப்போது ரேடியோ மறுபடியும் இரைகிறது. ஊர் திரும்பித் திறந்த கடையில் ஒரு பெட்டி கொண்டென்சர் கிடக்கிறது. புதுப் பிளேட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். மாற்றுவதென்றால் அவர் அடைத்த மெழுகை உடைக்க வேண்டும்.

இரையட்டும்.