சிலுவை மகாராஜாவின் மௌன விரதம்

இந்த வருஷம் ஈட்டி பிடிப்பதில்லை என்று சிலுவை முடிவு கட்டிவிட்டார்.

பதினோரு வருஷமாகப் புன்னைக்காயல் கோயில் திருவிழா நாடகத்தில் அவர்தான் காவலாளி. ஒரே வசனம். "மன்னா, எதிரிகள் வந்துவிட்டார்கள்." கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிற தொண்டை அது. ஒரு வசனத்தில் அடங்குமா? போன வருஷம் எதிரிகளோடு டீசல் விலை, கடலரிப்பு, பஸ் வராதது எல்லாவற்றையும் சேர்த்து இருபது நிமிஷம் பேசினார். மேடைக்குப் பின்னால் காத்திருந்த எதிரிகள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

நாடகம் எழுதுவது அவர் மனைவி பிளாரன்ஸ். நாடக உடுப்புகளெல்லாம் அவர்கள் வீட்டுத் தகரப்பெட்டியில். சிலுவை அந்தப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ராஜா வேஷம் எனக்கு. இல்லைன்னா பெட்டி திறக்காது."

"எந்திரிங்க. ஜாக்சனுக்கு ராஜா உடுப்பு அளவு பாக்கணும்."

"உன் தம்பி மந்திரியா இருக்கட்டும். முடி எனக்குத்தான்."

"தலையில ஒத்த முடி இல்ல. முடி எங்கன நிக்கும்?"

"நிக்கும்ளா! சோத்தை இங்கன கொண்டா."

சோறு வரவில்லை. அடுப்படியிலிருந்து வாவல்மீன் குழம்பு வாசம் மட்டும் வந்தது. வேறொரு நாளாக இருந்தால் எழுந்திருப்பார். அன்று எழவில்லை. மூன்று மணிக்குப் பிளாரன்ஸே வந்தாள்.

"சரி. நீங்களே ராஜா."

சண்டை போடாமல் ஒரு நாடு கிடைத்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிலுவை யோசிக்கவில்லை. பசி.

ஒத்திகையன்று பிளாரன்ஸ் ஒரு தாளை நீட்டினாள். 'ராஜா அரியணையில் வீற்றிருக்கிறார்.' அவ்வளவுதான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெள்ளை.

"வசனம் எங்கேளா?"

"ராஜா மௌன விரதம்."

"எப்ப முடியும்?"

"நாடகம் முடியும்போது."

"அப்ப ராஜாவுக்கு என்னதான் வேலை?"

"இருக்கிறதுதான். வசனம் இல்லைன்னு விசனப்படாதீங்க."

வேறு ஆளாக இருந்தால் முடியைக் கழற்றி வைத்திருப்பான். சிலுவை வாயை மூடிக்கொண்டார், வெளியே. உள்ளுக்குள் ஒரு வசனம் தயாராகிக்கொண்டிருந்தது. காலையில் கடற்கரையில் சீலாமீனை ஏலம் கூறிய கையோடு, கடலைப் பார்த்து அதை முழங்கிப் பழகினார். ஒரு ஆளிடமும் மூச்சு விடவில்லை.

திருவிழா மாலை. பூசை முடிந்து ஊரே மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. முதல் காட்சியில் சிலுவை கம்பீரமாக வீற்றிருந்தார். இரண்டாம் காட்சியில் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் காட்சியில் மந்திரி ஜாக்சன், "மன்னர் பேசாமல் இருப்பதே நாட்டுக்கு நன்மை" என்றதும் துள்ளி எழுந்தார்.

"நிறுத்து மந்திரியே! இனி இந்த நாட்டில் என் சொல்தான் சட்டம்! அரசியானாலும் சரி, அரசியின் தம்பியானாலும் சரி, வாய் பொத்தி நிற்க வேண்டும்!"

கைதட்டல் ஆற்றுமுகம் வரை கேட்டிருக்கும். பதினோரு வருஷ ஈட்டிக்கும் சேர்த்து நெஞ்சு நிமிர்ந்தது.

ஜாக்சன் பதறவில்லை. தலையில் கை வைத்து மண்டியிட்டான்.

"ஐயோ, விரதம் முறிந்தது! முனிவர் வாக்குப்படி, மன்னர் வாய் திறந்த கணமே நாடு அரசிக்கு!"

கொட்டு முழங்கியது. பட்டுச்சேலையில் பிளாரன்ஸ் வந்தாள். அவர் தலையிலிருந்த முடியைப் பக்குவமாக எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். நாலு காவலாளிகள் ராஜாவை நாற்காலியோடு தூக்கினார்கள்.

"ஏளா! இது நாடகத்துல கிடையாதே!" என்று சிலுவை மைக்கைப் பார்த்துக் கத்தினார்.

"அடேயப்பா, என்னமா நடிக்காரு!" என்றது கூட்டம்.

மேடைக்குப் பின்னால் இறக்கிவிட்ட பிறகும் அவர் தலை குனியவில்லை. காட்சி முடிந்து வந்த ஜாக்சனைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியாலே? உங்க அக்கா நாடகத்தையே கவுத்துட்டேன்! அவ எப்படியோ சமாளிச்சுட்டா. இல்லைன்னா அந்தக் காட்சி என்ன ஆயிருக்கும்?"

ஜாக்சன் அக்காவின் நோட்டை விரித்து நீட்டினான். பிளாரன்ஸின் உருண்டைக் கையெழுத்து.

'மூன்றாம் காட்சி. ராஜா எழுந்து சொந்த வசனம் பேசுகிறார். அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம், தானாகவே பேசிவிடுவார்.'